தார் வளையம் போட்ட பதினான்கு கம்புகள்

இதை எழுத நாற்பது வருடத்துக்கு மேல் தயங்கினேன். மூன்று முறை நோட்டுப் புத்தகம் வாங்கி உட்கார்ந்து, முதல் பக்கம் முடிவதற்குள் கிழித்துப் போட்டேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நான் ஒரு பொய் சொன்னேன், அதை நம்பியவர் உயிரோடு இருந்தார். அவர் போன பிறகு அவருடைய மகன், அதாவது என் தங்கையின் கணவர், இருந்தார். நல்ல மனிதர். அவரும் இறைவனடி சேர்ந்து, முதல் வருடத் திதியும் முடிந்த பிறகு தங்கையிடம் கேட்டேன். "எழுதுங்க அண்ணே. என் வயச மட்டும் எழுதிடாதீங்க" என்றாள். ஆகவே அவள் வயது இதில் வராது.

நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். பஸ் டிப்போவில் டயர் மாற்றும் வேலை. விபூதி பூசாமல் ஒரு டயரையும் தொட்டதில்லை. அதனால் டயர்கள் கூடுதலாக ஓடின என்று சொல்ல மாட்டேன், ஓடிய அளவுக்கு ஓடின. டிப்போ வேலை போக, மலாக்கா டவுனில் எங்கள் பகுதியான காஜா பெராங்கில் பந்தல் போடுவதும் என் வேலையாக இருந்தது. அதற்கு எனக்குக் கூட்டாளி பக்கத்து வீட்டுக்காரர், பல தலைமுறையாக இங்கேயே ஊறிப்போன மலாக்கா செட்டி சமூகத்தவர். கோயில் விஷயத்தில் என்னைவிடக் கறாரானவர், தமிழ் மட்டும் வராது. வீட்டில் அவர்கள் பேசுவது அவர்களுடைய மலாய். சாமி பெயரும் சடங்கின் பெயரும் சில உறவுப் பெயர்களும் மட்டும் அதற்குள் தமிழாக நிற்கும். நான் அவரை அபாங் என்பேன், மலாயில் அண்ணன். அவர் என்னைத் தம்பி என்பார். பாஷை பற்றி எங்களுக்குள் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை.

எங்களிடம் இருந்த சாமான் ஐந்தே வகை. நட்டு வைக்கும் கம்பு, குறுக்கே போடும் விட்டம், கூரைக்குச் சிங்க் தகடு, பலகை, கயிறு. கம்பெல்லாம் நிபோங் மரம், கல் மாதிரி இருக்கும். இந்த ஐந்தை வைத்துக்கொண்டு கல்யாணப் பந்தல் போடுவோம், சாவுக் கொட்டகை போடுவோம், திருவிழாவுக்கு நாடக மேடை போடுவோம், ஊர்வலம் வந்தால் அலங்கார வளைவு போடுவோம். பார்ப்பவர்களுக்கு நான்கும் நான்கு சாதி. எங்களுக்கு ஒரே சாமான்தான், கட்டுகிற முறைதான் வேறு. கல்யாணம் என்றால் முதல் கம்பை நல்ல நேரம் பார்த்து நட வேண்டும், அதுதான் பந்தக்கால். கூரை இரண்டு பக்கமும் சரிய வேண்டும், நடுவில் கம்பு வரக் கூடாது, பிரிக்கும்போது கயிற்றை அவிழ்க்க வேண்டும், அறுக்கக் கூடாது. சாவு வீடு என்றால் நேரம் பார்ப்பதில்லை. கூரை ஒரே பக்கம் சரியும், ஒரு பக்கம் முழுக்கத் திறந்திருக்கும், பாடை திரும்பாமல் நேரே வெளியே போக வேண்டும். கயிற்றை அவிழ்ப்பதில்லை, அறுத்துப் போடுவோம். மேடைக்கு விட்டத்தைக் கீழே கொண்டுபோய் அதன்மேல் பலகை. வளைவுக்குக் கூரையே கிடையாது, அதன் கீழே யாரும் தங்குவதில்லை, கடந்து போவார்கள்.

இத்தனைக்கும் மேலே ஒரு விதி. சாவு வீட்டில் நின்ற கம்பு நல்ல காரியத்துக்கு வரக் கூடாது. அதற்கென்று பதினெட்டுக் கம்புகளைத் தனியாகப் பிரித்து, அபாங் வீட்டுக்குப் பின்னால் தனிக் கொட்டடியில் வைத்திருந்தோம். மாறிவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்தில் தாரால் ஒரு வளையம் போட்டிருந்தோம். காஜா பெராங்கில் அந்த வளையத்தை அறியாத வீடு இல்லை. எல்லார் வீட்டு வாசலிலும் ஒரு முறையாவது நின்றிருக்கிறது.

என் இளைய மகளின் கணவர் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். சில வருடங்களுக்கு முன்னால் தீபாவளிக்கு வந்தவர் சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்துப் பெட்டி பெட்டியாக வரைந்து கோடு இழுத்துக்கொண்டிருந்தார். "யார் வீட்டுப் பந்தல் மாப்பிள்ளை?" என்று கேட்டேன். ஒரு பேங்குக்கு எழுதும் புரோகிராம் என்றார். பொறுமையாக விளக்கவும் செய்தார். வேலை செய்யும் துண்டு, துண்டுகளைச் சேர்க்கும் இணைப்பு, இணைப்பு வழியாகப் போகும் சரக்கு. எந்தப் புரோகிராமைப் பிரித்தாலும் இந்த மூன்றுதானாம். துண்டுகளை வரிசையாகக் கட்டி, ஒன்று முடித்ததை அடுத்தது வாங்கிக்கொண்டால் ஒரு பாணி. நடுவில் ஒன்றை வைத்து மற்றதெல்லாம் அதனிடம் வந்து கேட்டு வாங்கிப் போனால் இன்னொரு பாணி. அடுக்கடுக்காக வைத்து, ஓர் அடுக்கு பக்கத்து அடுக்கோடு மட்டும் பேசலாம் என்றால் வேறொரு பாணி. சாமான் மாறுவதில்லை, எது எதோடு சேரலாம், எது கூடாது என்பதுதான் மாறுகிறது என்றார். கூடாது என்பதை எடுத்துவிட்டால் பாணியே இல்லையாம்.

எங்கள் ஐந்து சாமானையும் நான்கு முறையையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். தார் வளையத்தைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டார். "கம்பு எல்லாம் ஒன்னுதானே மாமா. மாத்திப் போட்டதே இல்லையா?"

"இல்ல" என்றேன்.

ஒரே விஷயத்துக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய்யை இனிச் சொல்கிறேன்.

அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தங்கையைக் கட்டிக் கொடுக்க வேண்டியவன் நான்தான். இரண்டு இடம் வந்து, பேசி, நின்று போயிருந்தது. முதல் வீட்டார் பல்லி சொன்னது சரியில்லை என்றார்கள். இரண்டாவது வீட்டார் புறப்படும்போது யாரோ வெறும் வாளியோடு எதிரே வந்தாராம். மூன்றாவதாக வந்தது செங் என்ற ஊரில் ஒரு ரப்பர் தோட்டத்து மண்டோர் வீடு, மண்டோர் என்றால் கங்காணி. பையன் ஒழுங்கு. ஆனால் பையனுடைய அப்பா, அந்த மண்டோர், முன்னே வந்த இரண்டு வீட்டையும் சேர்த்தால் வருமே, அந்த அளவுக்குச் சகுனம் பார்க்கிறவர். பெண் பார்க்க வந்த அன்று பூனை ஒன்று குறுக்கே போய்விடாமல் இருக்க அபாங் எங்கள் வீட்டுப் பூனையைக் கோணிக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மண்டோர் நான்கு பக்கமும் பார்த்துவிட்டுச் சரி என்றார். இதுவும் நின்றால் நான்காவது வீடு வராது என்பது எனக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும். அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தியிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முகூர்த்தம் ஐம்பத்தேழாம் வருடம் ஆவணியில் குறித்தார்கள். நாடு சுதந்திரம் அடைகிற நாளுக்கு அடுத்த ஞாயிறு தாண்டி வருகிற ஞாயிறு.

அந்தச் சமயம் பார்த்து ஊரில் ஒரு வரவேற்புக் குழு வந்து மூன்று வளைவு கேட்டது. எங்கள் முனையில் ஒன்று, தெங்கேரா ரோட்டில் ஒன்று, ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் ஒன்று. சுதந்திரத்துக்கு வளைவு கட்டியவன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற ஆசை எனக்கு. நல்ல கம்புகள் நாற்பத்தொன்பது இருந்தன. வளைவுக்குப் பதினாறு வீதம் நாற்பத்தெட்டுப் போதும் என்று பார்த்தேன், சரியாக இருந்தது. கல்யாணத்துக்குப் பதினைந்து வேண்டும் என்று பார்த்தேன், அதுவும் சரியாக இருந்தது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தேன். வளைவு வேறு, கல்யாணம் வேறு என்று அத்தனை வருடம் முறையைப் பிரித்துப் பிரித்து வைத்த தலைக்கு, கம்பு இரண்டுக்கும் ஒன்றே என்பது அந்த ஒரு வாரம் மறந்து போனது. நினைவு வந்தபோதும் கவலைப்படவில்லை. கொண்டாட்டம் முடிந்த மறுநாளே வளைவைப் பிரித்துவிடலாம் என்று நினைத்தேன்.

கொண்டாட்டம் முடிந்தது. வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் இன்னும் வரவேண்டியிருக்கிறது, மாதப் பாதி வரை வளைவுகள் நிற்கட்டும் என்று குழு சொல்லிவிட்டது. சொன்னவரிடம் என் நிலைமையை விளக்கினேன். நாட்டுக்கு ஒரு முறைதானே சுதந்திரம் வருகிறது என்றார். தங்கைக்கும் ஒரு முறைதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

கோயில் கம்புகளும் வேறு ஒரு வளைவில் நின்றன. தெங்கேரா மரக்கடையில் நிபோங் தீர்ந்து போயிருந்தது. மூங்கில் வெட்டலாம், சிங்க் தகட்டின் பாரம் தாங்காது. மலாக்காவில் நேராக நிற்கக்கூடிய மரம் எல்லாம் அந்த வாரம் கலர்க் காகிதம் சுற்றிக்கொண்டு சுதந்திரத்துக்காக நின்றது. எங்கள் கையில் மீதி ஒரே ஒரு நல்ல கம்பு, கொட்டடியில் வளையம் போட்ட பதினெட்டு.

அபாங்தான் முதலில் சொன்னார். "காயு மானா தாவு, தம்பி." மரத்துக்கு என்ன தெரியும் என்று அர்த்தம். மீதியையும் மலாயிலேயே சொன்னார். பந்தக்காலுக்கு நல்ல கம்பு இருக்கிறது. மீதிப் பதினான்குக்குக் கொட்டடிக் கம்பைக் கழுவி, கல்யாண முறைப்படி ஒரு விதி குறையாமல் கட்டுவோம், கல்யாணப் பந்தலாகத்தான் நிற்கும் என்றார்.

மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவர் அவர், யோசிக்காமல் பேசுகிறவர் இல்லை. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மத்தியானம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். சன்னதியில் நின்று, சம்மதம் என்றால் ஒரு குறிப்புக் காட்டு என்று கேட்டேன். பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. அது தினமும் அந்த நேரத்துக்குக் கேட்பதுதான், எனக்கான பதில் இல்லை என்று தெரியும். பூ விழவில்லை, மணி அடிக்கவில்லை. தங்கையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டுத் திரும்பினேன். பிள்ளையார் சம்மதித்தார் என்று இன்றைக்கும் நான் சொல்வதில்லை. தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

தாரைச் சுரண்டிப் பார்த்தோம். மரத்துக்குள் இறங்கியிருந்தது. மேலே சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் மஞ்சள் பட்டை இழுத்தோம். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் பந்தக்கால் நட்டு, நவதானிய முடிச்சும் மாவிலையும் கட்டி, சனிக்கிழமை மாலைக்குள் முழுப் பந்தலும் எழுப்பினோம். கூரை இரண்டு பக்கமும் சரிந்தது. நடுவில் கம்பு இல்லை. கயிற்று முடிச்சு எல்லாம் அவிழ்க்கத் தோதாக. நான் போட்டதிலேயே விதி குறையாத பந்தல் அது.

ஞாயிறு விடிந்து ஆறு மணிக்குச் சுமாத்திரா காற்று வந்தது. மலாக்காக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், கடலிலிருந்து எழுந்து மழையைப் படுக்கை வசத்தில் கொண்டுவந்து அடித்துவிட்டுப் போகும். அரை மணி நேரம். பந்தல் அசையவில்லை, ஒரு தகடு பறக்கவில்லை. சுண்ணாம்பு மட்டும் இறங்கிப் போய்விட்டது. வெயில் வந்தபோது பதினான்கு கம்பிலும் முழங்கால் உயரத்தில் வளையம் பளிச்சென்று தெரிந்தது. கழுவி வைத்த மாதிரி.

துணி சுற்றலாம் என்று பார்த்தால் வெள்ளைத் துணி எல்லாம் மேலே விதானத்துக்குப் போயிருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலில் நின்று கம்பைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.  மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு செங்கிலிருந்து வந்த லோரி முனை திரும்பும் சத்தம் கேட்டது.

சமையல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். எதிர்ச் சந்தில் இருப்பவர், ஆடி மாதத்தில் கணவரை இழந்தவர். அதே கம்புகள் கடைசியாக நின்றது அவர் வீட்டு வாசலில்தான். கல்யாணத்தில் முன்னால் வர மாட்டேன் என்று சொல்லிப் பின்னால் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சமையல் பக்கத்துக் கம்பை மறைத்த மாதிரி அதன் முன்னால் நின்றார். வெள்ளைப் புடவை தரைவரை இருந்தது. வளையம் தெரியவில்லை.

அதைப் பார்த்து அபாங்கின் மனைவி அடுத்த கம்புக்குப் போனார். பிறகு தபால்காரர், அவர் சம்சாரம், டிப்போவில் என்னோடு வேலை செய்தவர்கள் என்று ஆளுக்கொரு கம்பைப் பிடித்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. லோரி வந்து நின்றபோது, பாய் விரித்தபடி கிடக்க, காஜா பெராங்கின் பெரிய மனிதர்கள் எல்லாம் கம்போடு கம்பாக நின்றுகொண்டிருந்தார்கள்.

மண்டோர் உள்ளே வந்து பந்தக்காலைத் தொட்டுக் கும்பிட்டார். கூரையைப் பார்த்தார். வாசல் திசையைப் பார்த்தார். முகத்தில் திருப்தி. பிறகு ஆட்களைப் பார்த்தார்.

"என்ன தம்பி, உங்க ஆளுங்க யாரும் உக்கார மாட்டேங்கறாங்க? கோவமா?"

"இல்ல மாமா. எங்க பக்கத்து வழக்கம். தாலி ஏறுற வரைக்கும் கம்புக்கு ஒருத்தர் நிக்கணும்."

இதுதான் அந்தப் பொய். நெற்றியில் விபூதி ஈரம் காயவில்லை.

"எதுக்கு?"

 அபாங் என் பின்னாலிருந்து "ஜாகா" என்றார். காவல் என்று பொருள். மண்டோருக்கு மலாய் நன்றாகத் தெரியும். தலையை ஆட்டினார். பந்தக்காலைக் காட்டி அதற்கு ஆள் வேண்டாமா என்று கேட்டார். அது சாமி, அதற்குக் காவல் வேண்டாம் என்றேன். அதையும் ஒத்துக்கொண்டார். பிறகு எண்ணத் தொடங்கினார். தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுகிறவர், விரைவாக எண்ணினார். சமையல் பக்கத்து அம்மாவையும் ஓர் ஆளாகத்தான் எண்ணினார், வழக்கம் என்றதும் வெள்ளைப் புடவையைக் குறையாகப் பார்க்கவில்லை.

"பதிமூனு பேருதான் நிக்கிறாங்க. அந்த மூலையில ஒன்னு காலியா இருக்கே."

ஆள் இல்லை. நான் மணவறையில் இருக்க வேண்டும். அபாங் வாசலில் இருக்க வேண்டும். வேறு யாரையாவது கூப்பிடலாம் என்று திரும்பினேன். மண்டோர் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"குறை வைக்கக் கூடாது தம்பி. நான் நிக்கிறேன்."

மூலைக் கம்புக்குப் போய், முதுகை அதில் கொடுத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியூர்க்காரருக்கு ஒற்றை வளையம் வெறும் தார்க் கறையாகப் பட்டிருக்கும், அது அவர் வேட்டிக்குப் பின்னால் போனது. எத்தனையோ பேர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மகன் தாலி கட்டியதை அங்கே நின்றபடியே பார்த்து அட்சதை போட்டார். அன்றைக்கு நான் கண் கலங்கியதைத் தங்கையைப் பிரிகிற துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மறுவீட்டுக்கு வந்தபோது தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடத் தீர்மானித்தேன். நான் ஆரம்பிக்கும் முன்னே அவள் சொன்னாள். "பாத்தேன் அண்ணே. மாமனார் வேட்டி ஓரத்துல தெரிஞ்சிச்சி."

"பாத்துட்டு ஏம்மா சும்மா இருந்தே?"

"என்ன செய்யச் சொல்றீங்க? தாலி ஏறுற நேரத்துல எழுந்து போயி வேட்டிய இழுத்து விடவா?"

தன் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சொன்னால் அவர் அப்பாவிடம் மறைக்க வேண்டியிருக்கும், அவருக்கு மறைக்கத் தெரியாது என்றாள். அவர்கள் வாழ்க்கை எல்லார் வாழ்க்கையும் போல நன்றாகவே போனது. தங்கை மறுபடி கோயிலுக்குப் போக ஆரம்பித்தாள். நான் அதை வைத்து எதையும் நியாயப்படுத்தவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதாமலேயே போயிருப்பேன். மண்டோர் அடுத்த மகன் கல்யாணத்தில் கம்புக்கு ஓர் ஆளை நிறுத்தினார். மலாக்கா வழக்கம், ரொம்ப விசேஷம் என்று எல்லாருக்கும் சொன்னார். பார்த்தவர்கள் தங்கள் வீட்டிலும் செய்தார்கள். தோட்டம் தோட்டமாகப் போனது. எட்டுத் திசைக் காவல் என்று ஒருவர் காரணம் சொன்னார், பதினாறு செல்வம் என்று இன்னொருவர். எங்கள் பந்தலில் கம்பு பதினைந்துதான். நான் கேட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வருவேன்.

போன தை மாதம் செங்கில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். இப்போது அங்கே பாதி தோட்டம் வீடாகவும் பாக்டரியாகவும் ஆகிவிட்டது. மண்டபத்துத் தூண் சிமெண்டு. அங்கேயும் தூணுக்கொருவரை நிறுத்தினார்கள். மணப்பெண்ணின் அப்பாயி, வயதானவர், பேத்திக்காகத் தானும் ஒரு தூணில் நிற்கிறேன் என்று ஆசையாக எழுந்து வந்தார். நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தவர் அவரைத் தடுத்தார். "நீங்க பின்னால உக்காருங்க பாட்டி. சுமங்கலிங்க மட்டும்தான் நிக்கணும். மலாக்கா வழக்கம் அப்படி." அவர் திரும்பிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி. நான் அந்த வழக்கத்தை உண்டாக்கியவன் என்று அவருக்குத் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை. அது மூன்றாவது பொய்.

வீட்டுக்கு வந்து நான்காவது நோட்டு வாங்கினேன்.

படிக்கிறவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். கம்புக்கு ஆள் நிறுத்துவதும் நிறுத்தாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இதை யாருக்காவது சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். காரணம் சேர்க்காதீர்கள், சாமியைச் சேர்க்காதீர்கள், என்னை நல்லவனாகவும் ஆக்காதீர்கள். யாரும் கூப்பிடாமல் முதலில் வந்து நின்றவர் தாலி அறுத்து நாற்பது நாள்கூட ஆகாத ஓர் அம்மா. வெள்ளைப் புடவையில் வந்தார். கையில் வெண்டைக்காய்ப் பிசுக்கு இருந்தது. அவரை எடுத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லாதீர்கள்.